அத்தியாயம் 6: ஏ எஸ் டி எஃப் தெரிந்த கைகளுக்கு ஓர் அஞ்சல்பெட்டி

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சின்னாளப்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நத்தம் போன்ற ஊர்களிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கோடை விடுமுறையில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளை எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். குரூப் 4 தட்டச்சர் பணி கனவாக இருக்கும். பணி கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் பின்னர் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் வலக்கை மௌஸுக்குப் போய்விடுகிறது. விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கக் கற்ற பத்து விரல்களில் ஐந்துக்கு அன்றோடு வேலை போகிறது.

இந்த அத்தியாயம் அந்தக் கைகளுக்காக எழுதப்பட்டது. டெர்மினலில், அதாவது எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரையில், ஓடும் மின்னஞ்சல் நிரல்கள் கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் கருத்து வேறு. அவற்றுக்கு மிகப் பொருத்தமான ஆள், தட்டச்சு ஹையர் முடித்த ஒருவர்தான். நிரலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதை இயக்கும் விரல் அசைவுகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. விசைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்தை 'டி' என்றும் இருபதாம் எழுத்தை 'டீ' என்றும் பிரித்து எழுதுகிறேன். ஷிஃப்ட்டுடன் சேர்த்து அடிக்க வேண்டியதை 'ஷிஃப்ட்-டி' என்று குறிப்பிடுகிறேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இந்த நிரல்களில் வெவ்வேறு கட்டளைகள். ஆகவே உட்கார்ந்ததும் கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பாடமே கட்டளைப் பட்டியல்

இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் என்ன அடித்தோம்? இடக்கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். வலக்கைக்கு செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தாள் நிரம்பும்வரை அதையேதான்.

இப்போது மட் என்ற நிரலை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கியது. அதற்கு முன் பரவலாக இருந்த எல்ம் நிரலின் சாயல் அதில் உண்டு. இன்றும் பராமரிக்கப்படுகிறது, 2016-இலிருந்து நியோமட் என்ற கிளையும் கூடவே வளர்கிறது. மட் திறந்ததும் மடல்களின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் நின்றுகொண்டு முதல் பாடத்தின் விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம்.

வலக்கை ஆள்காட்டி விரலின் 'ஜே' அடுத்த மடலுக்கு இறக்கும். நடுவிரலின் 'கே' முந்தைய மடலுக்கு ஏற்றும். மோதிர விரலின் 'எல்' பட்டியலைச் சுருக்கும்: யாருடைய மடல், எந்தத் தலைப்பு என்று சொன்னால் அவை மட்டும் திரையில் நிற்கும். சுண்டுவிரலின் செமிகோலன், அடுத்து வரும் கட்டளையைக் குறியிட்ட மடல்கள் அனைத்தின் மேலும் செலுத்தும். இடக்கையில் 'எஃப்' ஒரு மடலை வேறொருவருக்கு அனுப்பும். 'டி' நீக்கலுக்குக் குறியிடும். 'எஸ்' வேறொரு கோப்புறையில் சேமிக்கும். 'ஏ' அனுப்பியவரின் முகவரியைப் பெயர்ப் பட்டியலில் ஏற்றும். உள்பக்கம் நீளும் 'ஜி' எல்லோருக்கும் பதில் எழுதும். 'எச்' மடலின் முழுத் தலைப்பு வரிகளைக் காட்டும் அல்லது மறைக்கும்.

முதல் பாடத்தின் பத்து விசைகளும் பத்து கட்டளைகள். கையை எங்கும் நகர்த்த வேண்டாம். இது திட்டமிட்டு அமைந்தது என்று சொல்ல மாட்டேன். 'எஸ்', 'டி', 'எஃப்' எல்லாம் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். 'ஜே', 'கே' இரண்டும் வீஐ எடிட்டரின் வழக்கம்: பில் ஜாய் 1976-இல் அதை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. எப்படி அமைந்தாலும் பலன் நமக்குத்தான். மட் படிக்க உட்காரும் பலர் முதலில் விசைகளைத் தேடுகிறார்கள். தட்டச்சு படித்தவர் கட்டளையின் பொருளை மட்டும் படித்தால் போதும்.

நடுவரிசைக்கு வெளியே உடனே தேவைப்படுபவை கொஞ்சம்தான். 'எம்' புது மடல். 'ஆர்' அனுப்பியவருக்கு மட்டும் பதில். 'வி' இணைப்புகளின் பட்டியல். 'டீ' ஒரு மடலைக் குறியிடும். 'யூ' நீக்கல் குறியை அழிக்கும். எழுதி முடித்த மடலை அனுப்ப 'ஒய்'. தெரியாத இடத்தில் கேள்விக்குறியை அடித்தால், அப்போது நிற்கும் திரைக்குரிய விசைகளின் முழுப் பட்டியலும் வரும். திரைக்குத் திரை அந்தப் பட்டியல் மாறும் என்பதை மறக்க வேண்டாம். மடல்களின் பட்டியலில் 'எஸ்' சேமிக்கும்; எழுதிய மடலை அனுப்பக் காத்திருக்கும் திரையில் அதே 'எஸ்' பொருள் வரியைத் திருத்தும்.

வீஐ பழகியவர்கள் தடுமாறும் ஓர் இடமும் உண்டு. மடலைத் திறந்து படிக்கும்போது 'ஜே' அடித்தால் ஒரு வரி இறங்காது. அடுத்த மடலுக்கே தாவிவிடும். வரி வரியாக இறங்க என்டர், பக்கம் பக்கமாக இறங்க ஸ்பேஸ், ஒரு பக்கம் மேலேற மைனஸ் விசை.

நீக்கியது எங்கே போனது?

புதியவர்கள் மட்டைக் கைவிடும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

'டி' அடித்ததும் மடல் அழிவதில்லை. வரியின் ஓரத்தில் நீக்கல் குறி விழுகிறது; அவ்வளவுதான். பேரேட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது போன்றது. டாலர் குறியை ($) அடிக்கும்போதோ, 'க்யூ' அடித்து வெளியேறும்போதோதான் மட் கேட்கும்: குறியிட்டவற்றை ஒரேயடியாக நீக்கிவிடலாமா? ஆம் என்றால்தான் போகும். அதுவரை எத்தனை 'டி' அடித்திருந்தாலும் மீட்கலாம்.

மீட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'டி' அடித்தவுடன், எந்த மடலில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டம் தானாக அடுத்த மடலுக்கு இறங்கிவிடும். தவறாக நீக்கிவிட்டோமே என்று 'கே' அடித்து மேலே போனால், நீக்கிய மடலில் அது நிற்காது. அதைத் தாண்டி அதற்கு மேலுள்ள மடலுக்குப் போய்விடும். ஏனெனில் 'ஜே', 'கே' இரண்டும் நீக்கல் குறி விழாத மடல்களில் மட்டுமே கால் வைக்கும். கண்ணுக்கு எதிரே மடல் தெரிகிறது, அதைத் தொட முடியவில்லை. புதியவர் பதறி நாலைந்து விசைகளைத் தட்டுவார், நிலைமை மோசமாகும்.

வழி எளியது. ஷிஃப்ட்-கே, ஷிஃப்ட்-ஜே இரண்டும் எந்த மடலையும் தாண்டாமல் ஒவ்வொன்றிலும் நிற்கும். தவறாக 'டி' விழுந்தால் ஷிஃப்ட்-கே, பிறகு 'யூ'. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே அசைவாகப் பழகிக்கொள்ளுங்கள். 'டி' நடுவிரலுக்கு நேராக இருக்கிறது. இருபுறமும் 'எஸ்', 'எஃப்'. விரல் ஒரு விசை தள்ளி விழுவது எவருக்கும் நடக்கும்.

'எஸ்' பற்றியும் ஓர் எச்சரிக்கை. மடலைக் கோப்புறையில் சேமித்ததும், மூல மடலுக்கு நீக்கல் குறியையும் மட் போட்டுவிடும். அதாவது அது நகர்த்தும் கட்டளை. மூலம் அங்கேயே இருக்க, பிரதி மட்டும் வேண்டுமானால் ஷிஃப்ட்-சி.

காலை ஒன்பது மணி வேலை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பெட்டியைத் திறந்தால் திருப்பூர், கரூரிலிருந்து நூல் விலை கேட்டு மடல்கள், வங்கியின் வரவு செலவு அறிவிப்புகள், ஜிஎஸ்டி தொடர்பானவை, லாரி புக்கிங், விளம்பரக் குப்பை. எல்லாம் கலந்து கிடக்கும்.

முதலில் 'எல்'. திரையின் அடியில் வரி திறக்கும். அதில் ~ குறி போட்டு ஷிஃப்ட்-என் அடித்து என்டர். புதிதாக வந்தவை மட்டும் நிற்கும். அவற்றைப் பார்த்துப் பதில் எழுத வேண்டியவற்றுக்கு ஷிஃப்ட்-எஃப் அடித்தால் கவனக் குறி விழும். பிறகு 'எல்' அடித்து, ஆங்கிலத்தில் 'ஆல்' என்று எழுதினால் முழுப் பட்டியலும் திரும்பும்.

இப்போது வங்கி அறிவிப்புகள். ஒரு மாதத்துக்கு முந்தையவற்றை எல்லாம் பழைய கோப்புறைக்கு அனுப்ப வேண்டும். மௌஸில் இதைச் செய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். இங்கே 'எல்' அடித்து இப்படி எழுதுகிறோம்: ~ குறி, ஒட்டி 'எஃப்', ஓர் இடைவெளி, வங்கி முகவரியின் ஒரு பகுதி, ஓர் இடைவெளி, ~ குறி, ஒட்டி 'டி', ஓர் இடைவெளி, பிறகு >30 என்று எழுதி ஒட்டி ஒரு 'டி'. முதல் பாதி, அனுப்பியவர் யார் என்பது. இரண்டாம் பாதி, 30 நாளைக்கு மேல் பழையது என்பது. இரண்டும் பொருந்தும் மடல்கள் மட்டும் திரையில் வரும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். திரையை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். தேவையான மடல் எதுவும் இதில் சிக்கவில்லையே என்று பாருங்கள். பிறகு ஷிஃப்ட்-டீ, ~ குறி, ஷிஃப்ட்-ஏ, என்டர்: திரையில் உள்ள எல்லாவற்றுக்கும் குறி விழும். செமிகோலன், 'எஸ்', கோப்புறையின் பெயர், என்டர். மாதக் குப்பை ஓர் அசைவில் நகர்ந்துவிட்டது.

ஷிஃப்ட்-டி என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. நிபந்தனையை எழுதினால் பொருந்தும் மடல்கள் அனைத்துக்கும் ஒரேயடியாக நீக்கல் குறி போடும். அதை நேராகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். சுருக்கு, பார், குறியிடு, செய் என்ற வரிசையில் சில விசைகள் கூடுதல். அலுவலக மடலில் அந்தச் சில விசைகள் விரயமாகாது.

பதில் எழுதும்போது 'ஆர்', 'ஜி' இரண்டும் ஒரே ஆள்காட்டி விரலின் வேலை. ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் சொல்ல வேண்டிய நூல் விலை, 'ஜி' விழுந்ததால் நகல் வரிசையில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும். 'ஒய்' அடிப்பதற்கு முன் மட் ஒரு திரையைக் காட்டும். யாருக்கு, யாருக்கு நகல், என்ன பொருள், என்னென்ன இணைப்பு என்று அதில் இருக்கும். 'ஒய்' வலக்கை ஆள்காட்டி விரல் நீண்டு எட்ட வேண்டிய விசை. அந்த நீட்சியை ஒரு நிறுத்தமாக வைத்துக்கொண்டு, மேல் மூன்று வரிகளைப் படித்த பிறகே விரலை நீட்டுங்கள்.

இணைப்பை மறந்து மடல் அனுப்புவதற்கும் மட்டில் ஒரு காவல் உண்டு. 'அபார்ட் நோஅட்டாச்' என்ற அமைப்பைக் கேட்கும்படி வைத்தால், மடலில் இணைப்பைக் குறிக்கும் சொல் இருந்தும் கோப்பு எதுவும் இல்லையானால் அனுப்புமுன் நிறுத்திக் கேட்கும். அந்தச் சொல் ஆங்கிலச் சொல்லாகவே இருப்பில் வரும். நீங்கள் தமிழில் எழுதுபவர் என்றால் 'இணைப்பு', 'இணைத்து' ஆகிய சொற்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

ஆல்பைன்: அடியில் இரண்டு வரி

எல்லோருக்கும் மட் வேண்டியதில்லை. வாரத்தில் சில மடல் மட்டுமே பார்ப்பவருக்கு ஆல்பைன் போதும், நல்லதும்கூட. அதன் மூத்தது பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் முதல் தலைமுறை இணையப் பயனாளர் பலருக்கு மின்னஞ்சல் என்றால் அதுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் கிடைத்த ஷெல் கணக்கில் படம் கிடையாது, எழுத்து மட்டும். தொலைபேசிக் கம்பியில் மோடம் கூவி முடித்ததும் கறுப்புத் திரையில் பைன் திறக்கும். மாணவர்கள் அதில்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார்கள். 2007-இல் ஆல்பைன் அதன் இடத்தைப் பிடித்தது.

ஆல்பைனின் பலம் திரையின் அடியில் இருக்கும் இரண்டு வரிகள். அந்தத் திரையில் என்னென்ன விசை என்ன செய்யும் என்பது எப்போதும் அங்கே எழுதியிருக்கும். மனப்பாடம் தேவையில்லை. பதில் எழுத 'ஆர்' அடித்தால், நகல் பெற்றவர்கள் இருக்கும்போது எல்லோருக்குமா என்று அதுவே கேட்கும். மட்டின் 'ஜி' தரும் ஆபத்து இங்கே கிடையாது. வேகம் குறைவு, புதியவருக்குப் பாதுகாப்பு அதிகம். அலுவலகத்தில் பலர் மாறி மாறி உட்காரும் ஒரே கணினி என்றால் ஆல்பைனையே போடுங்கள்.

இரண்டையும் பயன்படுத்துபவர் ஒன்றை மட்டும் கல்வெட்டாக நினைவில் வைக்க வேண்டும். 'எக்ஸ்' விசை. மட்டில் அது, போட்ட குறிகளை எல்லாம் விட்டுவிட்டு எதையும் மாற்றாமல் வெளியேறும் விசை. பதறும்போது அடிக்க வேண்டியது. ஆல்பைன் பட்டியலில் அதே 'எக்ஸ்' நீக்கல் குறியிட்ட மடல்களை அழித்துவிடும் விசை. ஒன்றில் தப்பிக்கும் வழி, மற்றதில் திரும்ப முடியாத வழி. இரண்டையும் ஒரே நேரத்தில் பழகாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த ஒரு விசையே போதும்.

தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும்போது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் இந்தப் பகுதி கிடைக்காது. நமக்கோ தினமும் வரும் சிக்கல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ் 99 விசைப்பலகை. அதில் 'ஜே' இருக்கும் இடத்தில் ப, 'கே' இடத்தில் ம, 'எல்' இடத்தில் த, செமிகோலன் இடத்தில் ந. பழைய தட்டச்சுப் பலகை பழகியவருக்கு இடக்கை ய ள ன க என்று தொடங்கும். 'ஜே' இடத்தில் த இருக்கும். எந்த முறையானாலும் தமிழ் நிலையில் இருக்கும்போது மட்டின் பட்டியலில் 'ஜே' தட்டினால் நிரலுக்குப் போவது ஒரு தமிழ் எழுத்து. அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை என்று மட் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நிரல் உறைந்துவிட்டது என்று நினைத்து அதை மூடிவிடுபவர்கள் உண்டு. உறையவில்லை, மொழி மாற்றும் விசையைத் தட்டினால் சரியாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம்தான் தொல்லை. புது மடல் எழுத 'எம்' அடிக்கிறோம். பெறுநர் முகவரி ஆங்கிலத்தில், ஆகவே விசைப்பலகை ஆங்கில நிலையில் இருக்கிறது. பொருள் வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் என்டர். பொருள் இல்லையே, கைவிடலாமா என்று மட் கேட்கிறது. கவனிக்காமல் இன்னொரு என்டர். அதற்கு ஆம் என்று பொருள். மடல் கைவிடப்பட்டு நாம் பட்டியலில் நிற்கிறோம். எடிட்டர் திறந்துவிட்டது என்ற நினைப்பில், பழக்கத்தில், 'வணக்கம்' என்று அடிக்கத் தொடங்குகிறோம்.

தமிழ் 99-இல் வணக்கம் என்பதற்கு விரல்கள் தட்டுவது வி, பி, எச், எச், கே, எஃப். முதல் விசை 'வி': கட்டம் நிற்கும் மடலின் இணைப்புகள் திறக்கின்றன. இரண்டாவது 'பி': இணைப்பை அச்சிடலாமா என்று மட் கேட்கிறது. அடுத்து வரும் எழுத்துகளில் எதுவும் ஆம் என்றோ இல்லை என்றோ பொருள்படாததால் கணினி ஒவ்வொன்றுக்கும் பீப் அடிக்கிறது. ஒரு வணக்கம், அலுவலக அச்சுப்பொறியின் வாசல்வரை போய் நிற்கிறது. இதற்குப் பதில் 'நன்றி' என்று அடித்திருந்தால் கடைசி விசை 'எஸ்'. மடலை எங்கே சேமிப்பது என்ற கேள்வியில் முடியும். அங்கே ஓர் என்டர் விழுந்தால் மடல் இடம் மாறத் தயாராகிவிடும். இப்படிச் சிக்கினால் கன்ட்ரோல்-ஜி அடியுங்கள். மட் கேட்டுக்கொண்டிருக்கும் எந்தக் கேள்வியிலிருந்தும் அது வெளியே கொண்டுவரும்.

நிலையான தீர்வு, அந்தக் கேள்விகளையே தவிர்ப்பது. 'எடிட் ஹெடர்ஸ்', 'ஆட்டோஎடிட்' என்ற இரண்டு அமைப்புகளையும் இயக்கிவிட்டால், 'எம்' அடித்ததும் எதுவும் கேட்காமல் நேராக எடிட்டர் திறக்கும். பெறுநர், பொருள் எல்லாம் மடலின் மேல்வரிகளாக அங்கேயே இருக்கும். ஒரே இடத்தில் எழுதி முடிக்கலாம்.

எந்த எடிட்டர் என்பதும் முக்கியம். தமிழில் அதிகம் எழுதுபவருக்கு நானோ எடிட்டரைப் பரிந்துரைக்கிறேன். அதன் கட்டளைகள் எல்லாம் கன்ட்ரோலுடனோ ஆல்ட்டுடனோ சேர்ந்தவை. கன்ட்ரோல் சேர்ந்த விசையைத் தமிழ் உள்ளீட்டு நிரல் தொடாமல் விட்டுவிடும். ஆகவே தமிழ் நிலையிலிருந்தே கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து முடிக்கலாம். ஆல்பைனின் எழுதும் பகுதியும் இப்படித்தான். வீஐ வகை எடிட்டரில் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஈமேக்ஸ் பழகியவருக்குக் கவலையே இல்லை: தமிழ் உள்ளீடு அதற்குள்ளேயே இருக்கிறது, எழுதும் இடத்தில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் பாதிக்கப்படுவதில்லை. டி.வி. ராமன் 1995-இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் என்ற பேச்சு நிரலைச் சேர்த்தால், பார்வையற்றவரும் காதால் கேட்டே மடல்களைப் படித்துப் பதில் எழுதலாம். பார்வையற்றவரான ராமன் தம் அன்றாடப் பயன்பாட்டுக்கு உருவாக்கிய கருவி அது. மௌஸ் தேவைப்படாத நிரல் யாருக்கெல்லாம் கதவு திறக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

திரையில் தமிழ் சரியாகத் தெரிவது வேறு கதை. எக்ஸ்டெர்ம் போன்ற பழைய டெர்மினல்களில் கெ, கொ போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்திய எழுத்துகளையும் கவனத்தில் கொண்டது. அதைப் போட்டுப் பாருங்கள். அனுப்பியவர் பெயர் தமிழில் இருந்தால் பட்டியலின் பத்திகள் கோணலாகும். அடிக்கடி எழுதுபவர்களை 'ஏ' விசையால் ஆங்கிலப் பெயரில் ஏற்றிவைத்து, 'ரிவர்ஸ் ஏலியாஸ்' அமைப்பை இயக்கினால் பட்டியலில் அந்தப் பெயரே வரும், பத்தி நேராக நிற்கும்.

கன்ட்ரோல்-எஸ்

வேர்டு, எக்செல் பழகிய கை தன்னையறியாமல் கன்ட்ரோல்-எஸ் அடிக்கும். டெர்மினலில் அது சேமிக்காது; திரைக்கு எழுத்து வருவதையே நிறுத்திவிடும். எழுத்தைத் தாளில் அச்சிட்ட காலத்து முனையங்களுக்கான கட்டளை, இன்னும் தொடர்கிறது. எதை அடித்தாலும் அசைவிருக்காது. பதறி நீங்கள் தட்டும் விசைகளோ உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். விடுவிக்க கன்ட்ரோல்-க்யூ. ஆகவே திரை நின்றால் முதலில் கையை எடுங்கள், பிறகு கன்ட்ரோல்-க்யூ அடியுங்கள். கன்ட்ரோல்-இசட் விழுந்தால் மட் மறைந்து வெறும் டெர்மினல் தெரியும். மட் சாகவில்லை, எஃப், ஜி என்ற இரண்டெழுத்தை அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலேயே திரும்பி வரும்.

எந்தக் கணினியில்?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இருந்தது. இன்றைய இணையதளங்களைத் திறக்க அவை திணறும். மட்டையோ ஆல்பைனையோ ஓட்டச் சிரமப்படாது. ஆனால் பழைய பாஸ் பதிப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அஞ்சல் சேவைகள் இன்று கேட்கும் மறையாக்கம் அதில் இருக்காது. அந்தக் கணினி ஏற்கும் புதிய டெபியன் லினக்ஸ் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிரல்களும் அதன் களஞ்சியத்திலேயே உள்ளன.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே விடாது. 2022 மே 30 முதல் தனிப்பட்ட கணக்குகளுக்கு கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, கணக்கு அமைப்பில் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி, அதைத்தான் மட்டில் கொடுக்க வேண்டும்.

கை பழகும்வரை

உண்மையான அலுவலகப் பெட்டியில் பழகாதீர்கள். பெட்டியின் பிரதி ஒன்றைக் கணினியிலேயே வைத்து, மட்டைத் தொடங்கும்போது கட்டளையில் ஒரு கோடும் பெரிய எழுத்து 'ஆர்' ஒன்றும் சேர்த்துத் திறங்கள். அது படிக்க மட்டுமான நிலை. பெட்டியில் எதையும் மாற்ற விடாது. அங்கே மடல் அனுப்புவதைத் தவிர மற்ற விசைகளைத் துணிந்து தட்டலாம்.

முதல் சில நாட்கள் 'ஜே', 'கே', என்டர், ஸ்பேஸ், 'க்யூ' மட்டும். படிப்பது தடையில்லாமல் வந்த பிறகு 'எல்'. சுருக்கிப் பார்ப்பது விரலுக்கு ஏறாமல் குறியிடும் கட்டளைகளுக்குப் போக வேண்டாம். பிறகு 'டீ', செமிகோலன், 'எஸ்'. 'டி'யை அதற்கும் பிறகு, அதே பிரதியைப் படிக்க மட்டுமான நிலை இல்லாமல் திறந்து, ஷிஃப்ட்-கே, 'யூ' இரண்டோடும் சேர்த்தே பழகுங்கள். இன்ஸ்டிடியூட்டில் செய்தது போலவே விரலைப் பார்க்காதீர்கள், திரையை மட்டும் பாருங்கள்.

விசைகளை உங்கள் விருப்பத்துக்கு மாற்றியமைக்க மட் தாராளமாக இடம் கொடுக்கும். அவசரப்பட வேண்டாம். இருப்பில் வரும் அமைப்பிலேயே முழுதாகப் பழகிய பின், அடிக்கடி இடறும் விசை எது என்று உங்கள் கைக்கே தெரியும். 'ஜி' இடறினால் அதன் கட்டளையைப் பிரித்து, தொலைவில் உள்ள, ஷிஃப்ட் சேர்ந்த ஒரு விசைக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். விடுமுறையில் நீங்கள் போனால் அந்த நாற்காலியில் வந்து உட்காருபவருக்கு அது தேவைப்படும்.